காமாக்ஷி டீச்சரின் பிஸ்கட் டப்பா

கொச்சி மட்டாஞ்சேரியில் காமாக்ஷி டீச்சருக்குத் தேங்காய் விற்கிறவன் போன ஜென்மத்தில் பாவம் செய்தவன். டீச்சர் தட்டிப் பார்ப்பார், குலுக்கிப் பார்ப்பார், காதோடு வைத்துக் கேட்பார், அதற்குப் பிறகும் "இங்கேயே உடைச்சுக் காட்டு" என்பார். பால் பாக்கெட்டில் போட்டிருக்கும் தேதியை அவர் ஒரு நாளும் நம்பியதில்லை. அச்சடிக்கிறவனும் மனுஷன்தானே என்பார். படகில் ஏறினால், மிதவைச் சட்டை சீட்டுக்கு அடியில் நிஜமாகவே இருக்கிறதா என்று குனிந்து தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் உட்காருவார். கணவர் லக்ஷ்மிநாராயணன் கப்பல் ஏஜென்சி ஒன்றில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர், பரம சாது. "நான்தான் ஆம்படையான்னு இவளுக்கு இன்னும் முழுசா நம்பிக்கை வரல்லே" என்று வந்தவர்களிடம் சொல்வார். டீச்சர் அதற்கும் சிரிக்கமாட்டார்.

இப்பேர்ப்பட்டவர் பரீட்சை ஹாலில் எப்படி இருப்பார் என்று கேட்கவும் வேண்டுமா? பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் சொல்லிக்கொடுக்கத் தொடங்கி வருஷம் இருபதுக்கு மேல் ஆகிவிட்டது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு நடப்பார். செருப்புச் சத்தம் கேட்கக்கூடாது என்பதற்காகவே ரப்பர் செருப்பு வாங்கியிருந்தார். பிடித்த பிட்டுகளையெல்லாம் ஸ்டாஃப் ரூமில் தன் அலமாரிக்குள் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். ரப்பர் உறைக்குள் சுருட்டியது, பேனா மூடிக்குள் திணித்தது, தாவணி ஓரத்தில் தைத்தது, ஹேர் கிளிப்புக்கு அடியில் ஒளித்தது என்று டப்பா நிறைய இருந்தது. சக ஆசிரியர்கள் அதைக் கண்டால் கும்பிடுவது போல் கேலி செய்வார்கள். பண்ணட்டும், டீச்சருக்கு அது பரிசுக் கோப்பை மாதிரி.

அந்த டப்பாவில் கடைசியாக விழுந்தது ஒரு சிவப்பு அட்டைத் துண்டு. நவம்பரில் நடந்த வகுப்புத் தேர்வில் அஞ்சனா என்ற பெண்ணின் பென்சில் பெட்டியிலிருந்து டீச்சரே எடுத்தது. முன்பக்கத்தில் பெரிதாக Zn என்று எழுதியிருந்தது. Zn என்றால் துத்தநாகம். அதற்குக் கீழே பென்சிலால் பொடியாக −0.76 என்று அதன் மின்னழுத்தம். திருப்பினால் தங்க நிறத்தில் பாதிப் பிள்ளையார், தும்பிக்கையோடு நறுக்கிவிட்டிருந்தது.

"சாமி படத்துலயா பிட்டு எழுதறே? ஈச்வரா!" என்று டீச்சர் அவள் கையைப் பிடித்து இழுத்து எழுப்பிவிட்டார்.

"பாத்து எழுதல டீச்சர். படிக்கதுக்கு வச்சிருந்தேன்."

"படிக்கறதுக்குப் புஸ்தகம் இருக்கே. பின்னே இது என்னத்துக்கு?"

அஞ்சனாவுக்கு அழுகை மட்டும் வந்தது. அவளுடைய அப்பா இசக்கிராஜா தோப்பும்படியில் ஒரு ஓட்டலில் பரோட்டா மாஸ்டர். அம்மா பேச்சி அதே ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறாள். தென்காசிப் பக்கத்திலிருந்து வந்து சுள்ளிக்கல்லில் வாடகைக்கு இருக்கிறவர்கள். பெண் பிறந்தது கொச்சியில். தமிழ் பேசுவாள், ஆனால் எழுதச் சொன்னால் மலையாளம்தான் வரும். நர்ஸிங் படிக்க வேண்டும் என்பது அவளுடைய ஒரே ஆசை, அதற்கு வேதியியல் மதிப்பெண் இல்லாமல் நடக்காது. இதெல்லாம் டீச்சருக்கும் தெரியும். அதனால் புகார் கொடுக்காமல், எச்சரித்து உட்கார வைத்தார். ஆனால் அட்டை டப்பாவுக்குப் போனது, அஞ்சனாவின் பெயர் மனசுக்குள் ஒரு மூலைக்குப் போனது. அந்த மூலைக்குப் போன பெயர் திரும்பி வந்ததாகச் சரித்திரமே கிடையாது.

அந்த வருஷம்தான் வேதியியலுக்கு இன்னொரு வாத்தியாராகச் சுதீர் மாஷ் வந்தார். இளம் வயது, மோட்டார் சைக்கிள், எப்போதும் சிரித்த முகம். சிரித்த முகம் ஒன்று போதாதா டீச்சருக்கு? "இவ்வளவு சிரிக்கறவன் எதையோ மறைக்கறான்" என்று முதல் வாரமே கணவரிடம் சொல்லிவிட்டார். சுதீர் பள்ளி முடிந்த பிறகு லேபில் சில பிள்ளைகளை உட்கார வைத்துப் பாடத்தை மறுபடி ஓட்டிப்பார்க்கிறார் என்று கேள்விப்பட்டபோதுகூட டீச்சர் பேசாமல் இருந்தார். ஆனால் லேபிலிருந்து வந்தது பாடம் படிக்கிற சத்தமாக இல்லை. கூச்சலும் கும்மாளமும் மேஜையை அறைகிற ஓசையுமாக இருந்தது.

ஒரு நாள் ரப்பர் செருப்போடு போய் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். அஞ்சனாவையும் சேர்த்து எட்டுப் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொரு கையிலும் விசிறி மாதிரி விரித்த சீட்டு. ரமேஷ்பாபு என்ற பையனின் காதில் துணி உலர்த்துகிற கிளிப் ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தக் கிளிப் என்ன என்று மட்டாஞ்சேரிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பஜார் ரோட்டில் சுக்கு, மிளகு மூட்டை இறக்கும் சுமட்டுக்காரர்கள் ஓய்ந்த நேரத்தில் கிடங்கு வாசலில் சீட்டுப் போடுவார்கள். தோற்றவன் காதில் குணுக்கு மாட்டிக்கொள்ள வேண்டும். அந்தக் காலத்தில் பலா இலை, இப்போது கிளிப். அடுத்த ஆட்டத்தில் ஜெயிக்கிறவரை கழற்றக்கூடாது. எத்தனை பெரிய மனுஷனானாலும் குணுக்குக்கு விலக்கு கிடையாது.

"மாஷே! இது லேபா, கிடங்கு வாசலா?" என்று கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார்.

சுதீர் எழுந்து நின்று, சிரித்துக்கொண்டேதான், விளக்கினார். இது கழுதை ஆட்டம், ஊரில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த ஆட்டம். ஒருவர் ஒரு நிறத்தில் சீட்டு இறக்கினால் மற்றவர்களும் அதே நிறத்தில் இறக்க வேண்டும். பெரிய சீட்டு யாருடையதோ அவர் அடுத்து இறக்குவார். அந்த நிறம் கையில் இல்லாதவன் வேறு நிறத்தால் வெட்டினால், பெரிய சீட்டுப் போட்டவன் குவியலை அள்ளிக்கொள்ள வேண்டும். கடைசிவரை சீட்டோடு மாட்டிக்கொள்கிறவன் கழுதை. சுதீர் செய்தது ஒன்றே ஒன்றுதான். எண்ணுக்குப் பதிலாக நான்கு நிறத்துக்கும் நான்கு வேதியியல் வரிசைகளை வைத்துவிட்டார். ஒரு நிறம் உலோகங்களின் வினைத்திறன் வரிசை. பொட்டாசியம் உச்சியில், தங்கம் அடியில். எது பெரியது என்று சீட்டில் எழுதியிருக்காது. வரிசை தலையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கழுதைதான்.

"பிள்ளைங்க ஒரு மாசமா மனப்பாடம் பண்ணியும் ஏறாதது ஒரு வாரத்துல ஏறிடுச்சு டீச்சரே. ஒரு கை போட்டுப் பாருங்க" என்று சுதீர் தன் சீட்டுகளை நீட்டினார்.

"சீட்டாட்டத்துக்குக் கெமிஸ்ட்ரின்னு பேர் வெச்சா அது கெமிஸ்ட்ரி ஆயிடுமா?" என்று டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டு வெளியே வந்துவிட்டார். தேங்காயைக்கூட உடைத்துப் பார்த்து வாங்குகிறவர், அன்று அந்தச் சீட்டுகளில் ஒன்றைக்கூட வாங்கிப் பார்க்கவில்லை. கண்ணால் பார்த்தாலே தோஷம் என்று நினைத்துவிட்டார்.

பிப்ரவரியில் மாதிரித் தேர்வு வந்தது. விடைத்தாள் கட்டை வீட்டுக்கு எடுத்துவந்து சாப்பாட்டு மேஜையில் பரப்பி உட்கார்ந்தார் டீச்சர். ஐந்தாவது கேள்வி, உலோகங்களை வினைத்திறன் வரிசையில் எழுதுக. நீலகண்டன் என்ற பையன் மளமளவென்று எழுதியிருந்தான். மெக்னீசியம், அலுமினியம், அடுத்து இரும்பு. நடுவில் வர வேண்டிய துத்தநாகத்தைக் காணோம். சிவப்புப் பேனாவால் சுழித்துவிட்டு அடுத்த தாளை எடுத்தார். ரமேஷ்பாபு. அவனும் அலுமினியத்திலிருந்து நேரே இரும்புக்குக் குதித்திருந்தான். டீச்சரின் புருவம் ஏறியது. மூன்றாவது தாள், நான்காவது தாள் என்று புரட்டப் புரட்ட அதே ஓட்டை. லேபில் சீட்டாடும் பிள்ளைகளில் ஏழு பேர் துத்தநாகத்தை விட்டிருந்தார்கள். மற்ற உலோகங்கள் அத்தனையும் அப்பழுக்கில்லாமல் இருந்தன. வகுப்பில் வேறு யாருக்கும் அந்தப் பிழை இல்லை.

"ஏன்னா, இங்கே வாங்கோளேன்! கையும் களவுமா மாட்டிண்டா!" என்று கூவினார்.

லக்ஷ்மிநாராயணன் சாயாவோடு வந்து நின்றார். "ஏழு பேரும் மறந்திருக்கப்படாதா காமு?"

"ஒம்பதாம் கேள்விக்கு மின்கலம் வரைஞ்சிருக்கா பாருங்கோ. அதுல எல்லாரும் துத்தநாகத் தகடு சரியாப் போட்டிருக்கா. தெரிஞ்ச பொருளை மேலே மட்டும் எப்படி விடுவா? மேலே எழுதினது மண்டையிலேர்ந்து வரல்லே, பிட்டுலேர்ந்து வந்தது. பிட்டு எழுதினவன் விட்டுட்டான், இவாளும் விட்டுட்டா. ஏழு பேர் ஒரே இடத்துல தடுக்கி விழுவாளா?"

"வழியில குழி இருந்தா விழமாட்டாளா?" என்றார் அவர். டீச்சர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அப்போதுதான் சீட்டாடும் கூட்டத்தில் மிச்சமிருந்த எட்டாவது தாள் கைக்கு வந்தது. அஞ்சனா. அவள் மட்டும் துத்தநாகத்தை எழுதியிருந்தாள். எழுதியதோடு நிற்காமல், கேட்காத −0.76ஐயும் பக்கத்தில் போட்டிருந்தாள். டீச்சர் அடித்துப்பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

"அடி சக்கை! இவதான் சூத்ரதாரி. பிட்டு எழுதினது இவ. எல்லாருக்கும் கொடுக்கறப்போ துத்தநாகத்தை மட்டும் எடுத்துட்டுக் கொடுத்திருக்கா, தனக்கு ஒரு மார்க் கூட வரட்டும்னு. திருட்டுலயும் ஒரு திருட்டு!"

துத்தநாகம் எழுதாதவன் பார்த்து எழுதினான், எழுதியவள் பார்க்கக் கொடுத்தாள். சந்தேகப் பிராணிக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் சாட்சிதான். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள்?

மறுநாளே பிரின்சிபால் ஸாதனா மேடத்திடம் விஷயம் போனது. மேடம் பொறுமைசாலி, ஆனால் காப்பி விஷயத்தில் கறார். புகார் உண்மையானால் எட்டுப் பேருக்கும் பள்ளியில் போடும் அக மதிப்பெண் போய்விடும் என்றார். மற்ற ஏழு பேருக்கு அது அடி. அஞ்சனாவுக்கு அத்தோடு எல்லாம் முடிந்தது, நர்ஸிங் சீட்டைக் கனவில்கூடப் பார்க்க முடியாது. மேடம் அவளுடைய அம்மாவை அழைத்துவரச் சொன்னார்.

பேச்சி ஓட்டலிலிருந்து நேரே வந்தாள். கை இன்னும் ஈரம். நாற்காலியைக் காட்டியும் உட்காரவில்லை. மகள் பக்கத்தில் நின்றுகொண்டாள். சுதீர் மாஷ் சுவரோரம் நின்றார், அன்று சிரிக்கவில்லை.

"டீச்சரம்மா, நாங்க கஞ்சி குடிச்சாலும் களவாண்டு குடிச்சதில்ல" என்றாள் பேச்சி. "எம்புள்ள பாத்து எழுதுனான்னு ஒங்க நெஞ்சத் தொட்டுச் சொல்லுங்க. இப்பமே படிப்ப நிறுத்திக் கூட்டிட்டுப் போயிருதேன்."

"நெஞ்சைத் தொட வேண்டாம், கண்ணால பாருங்கோ" என்றார் டீச்சர். இந்தக் கட்டத்துக்காகத்தான் பிஸ்கட் டப்பாவைக் கையோடு கொண்டுவந்திருந்தார். மூடியைத் திறந்து, மேலே கிடந்த சிவப்பு அட்டையை எடுத்து மேடத்தின் மேஜையில் பட்டென்று வைத்தார். "இவ முன்னாடியே பிடிபட்டவ. நவம்பர்ல இவ பெட்டியிலேர்ந்து நான் எடுத்தது. அதே துத்தநாகம், அதே மைனஸ் பாயின்ட் எழுபத்தாறு. இதுக்கு மேலே என்ன வேணும்?"

மேடம் அட்டையைப் பார்த்தார். அதற்குள் சுதீர் பாய்ந்து வந்துவிட்டார்.

"ஐயோ, டீச்சரே! இது நம்ம ஸிங்க் அல்லவா! நவம்பர்லேருந்து தேடறோம்!"

அறையில் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. சுதீர் மூச்சு வாங்கச் சொன்னார். அது சீட்டுக்கட்டில் காணாமல் போன சீட்டு. எங்கே போனது என்று கேட்டதற்கு எந்தப் பிள்ளையும் வாய் திறக்கவில்லை. புதிதாக ஒன்று வெட்டி எழுதி வைக்க வேண்டும் என்று நினைத்தார், நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிப்போனது. பிள்ளைகள் அது இல்லாமலேயே ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"கட்டைக் கொண்டுவரேன் டீச்சரே, நீங்களே எண்ணிப் பாருங்க" என்று கதவை நோக்கிப் போனார்.

"நில்லுங்கோ மாஷே! வழியில ஒண்ணை உருவிட்டு வந்து குறையறதுன்னு சொல்லமாட்டேள்னு என்ன நிச்சயம்? நானும் வரேன்."

அப்போதும் சந்தேகம் விட்டதா பாருங்கள்! லேப் வரை கூடவே போய், கட்டைத் தன் கையாலேயே எடுத்துவந்து, மேஜையில் பரப்பி எண்ணினார். ஒன்று குறைந்தது. சரி, எண்ணிக்கையை நம்பலாமா? சீட்டுகளைக் கவிழ்த்தார். சுதீர் வீட்டில் சேர்ந்த பழைய கல்யாணப் பத்திரிகைகளை நறுக்கிச் செய்த சீட்டுகள், ஒவ்வொன்றின் முதுகும் ஒரு தினுசு. பாதி முகூர்த்த நேரம், கால்வாசி மாப்பிள்ளை பெயர், மண்டபத்தின் வாசல். அவற்றுக்கு நடுவே ஒரு சிவப்புச் சீட்டில் தங்க நிறத்தில் பாதிப் பிள்ளையார் இருந்தார். டீச்சர் தன் சீட்டை அதன் பக்கத்தில் நகர்த்தினார். வெட்டிய ஓரம் ஓரத்தோடு பொருந்தியது. தும்பிக்கை சேர்ந்து பிள்ளையார் முழுசாக உட்கார்ந்துகொண்டார். டீச்சர் அந்தச் சீட்டின் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். Fe. இரும்பு.

சாட்சி மேஜை மேலேயே கிடந்தது. ஆனாலும் அவர் காமாக்ஷி டீச்சர். வராந்தாவில் நின்ற ரமேஷ்பாபுவை உள்ளே கூப்பிட்டு, "வினைத்திறன் வரிசையைச் சொல்லு" என்றார். அவன் கண்ணை மூடிக்கொண்டு, கையால் காற்றில் சீட்டு இறக்குகிற மாதிரி தட்டித் தட்டிச் சொன்னான். மெக்னீசியம், ஒரு தட்டு. அலுமினியம், ஒரு தட்டு. இரும்பு, ஒரு தட்டு. அவனை அனுப்பிவிட்டு நீலகண்டனைக் கூப்பிட்டார். அதே தட்டு, அதே தாவல். துத்தநாகம் எங்கேடா என்று கேட்டதும் அவன் கண்ணைத் திறந்து திருதிருவென்று விழித்தான். "அது… கையில வர்றதே இல்லையே டீச்சர்" என்றான்.

வழியில குழி இருந்தா விழமாட்டாளா என்று சாயாக் கோப்பையோடு நின்ற மனுஷனின் குரல் காதில் கேட்டது. குழியைத் தோண்டியது யார்? துத்தநாகத்தை நவம்பரிலிருந்து பிஸ்கட் டப்பாவுக்குள் பூட்டி வைத்தது யார்? பிடுங்கி வைத்துக்கொண்டவரே, ஏன் எழுதவில்லை என்று பிள்ளைகளைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றியிருக்கிறார்! ஒரே ஒரு கேள்விதான் பாக்கி இருந்தது.

"நீ மட்டும் எப்படி எழுதினே?" என்று அஞ்சனாவைக் கேட்டார். குரலில் பழைய அதட்டல் இல்லை.

"அத எப்படி டீச்சர் மறப்பேன்?" என்றாள் அஞ்சனா. "எனக்கு ஸிங்க் மட்டும் நிக்கவே நிக்காது. அதான் வீட்டுக்குக் கொண்டுபோயி, அளவும் எழுதிவச்சுப் படிச்சேன். சீட்ட லேப விட்டு எடுக்கக்கூடாதுன்னு மாஷ் சொல்லியிருந்தாங்க. அதனால மாஷ்ட்டயும் சொல்ல முடியல, ஒங்ககிட்டயும் சொல்ல முடியல. இப்ப ஸிங்க்னு கேட்டாலே நீங்க எல்லாரு முன்னாடியும் கையப் பிடிச்சு இழுத்ததுதான் ஞாபகம் வருது. செத்தாலும் மறக்காது டீச்சர்."

பேச்சி முந்தானையால் மகளின் முகத்தைத் துடைத்தாள். டீச்சர் அந்தப் பெண்ணின் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன டீச்சர், புகார்?" என்று மேடம் மெல்லக் கேட்டார்.

"புகார் இல்லை மேடம்." டீச்சர் பேச்சியின் பக்கம் திரும்பினார். "ஒங்க பொண்ணு பாத்து எழுதலை. நான்தான் பாக்காம சொல்லிட்டேன்."

"எம்புள்ள எழுதமாட்டான்னு எனக்குத் தெரியும் டீச்சரம்மா" என்றாள் பேச்சி. "ஒங்களுக்குத் தெரியட்டும்னுதான் நின்னேன்." சொல்லிவிட்டு, ஓட்டலில் ஈயப் பானை ஊறிக்கொண்டிருக்கிறது என்று கிளம்பிவிட்டாள்.

அன்று சாயங்காலம் லேபில் வழக்கம்போல் வட்டம் கூடியது. கூச்சல் மட்டும் இல்லை. கதவு திறந்தது, பிள்ளைகள் எழுந்து நின்றார்கள். டீச்சர் உள்ளே வந்து, துத்தநாகச் சீட்டை அஞ்சனாவின் கையில் கொடுத்தார். ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு வட்டத்துக்குள் உட்கார்ந்தார்.

"குணுக்கு யார் கையில இருக்கு?"

ரமேஷ்பாபு கிளிப்பை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். டீச்சர் கையை நீட்டினார். அவன் பயந்துகொண்டே கொடுத்தான், அவர் அதை வாங்கித் தோட்டுக்கு மேலே, காது மடலில் மாட்டிக்கொண்டார். நல்ல அழுத்தமான கிளிப்தான், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"டீச்சரே, ஆட்டம் இன்னும் தொடங்கவே இல்லையே" என்றார் சுதீர்.

"நான் ஏற்கெனவே தோத்தாச்சு. சீட்டைப் போடுங்கோ."

போட்டார்கள். வரிசையெல்லாம் தலைகீழ்ப் பாடம், ஆனால் ஆட்டம் தெரிய வேண்டாமா? யாரையும் நம்பிச் சிறிய சீட்டை இறக்க மனசு வராமல் இறுக்கிப் பிடித்து வைத்துக்கொண்டு, கடைசியில் டீச்சர்தான் கழுதை. நடுவில் நீலகண்டனின் சீட்டை ரமேஷ்பாபு எட்டிப் பார்த்ததையும் கண்டுபிடித்துத் தலையில் ஒரு குட்டு வைத்தார். அதில் அஞ்சனா முதல் தடவையாகச் சிரித்தாள்.

வீட்டுக்குப் போகும்போது பஜார் ரோட்டில் சுமட்டுக்காரர்கள் வேலை முடிந்து கிடங்கு வாசலில் சீட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள். காதில் கிளிப்போடு இருந்த ஒரு பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். பட்டுக்கரைப் புடவை, தோளில் பை, கையில் பிஸ்கட் டப்பா, காதில் குணுக்கு. பெரியவர் கையிலிருந்த சீட்டு அப்படியே நின்றது.

"ஐயோ, டீச்சரும் தோத்தோ? ஆரா தோல்பிச்சது?" தோற்கடித்தது யார் என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

வேறு நாளாக இருந்தால் டீச்சர் ஒரு முறைப்பில் அவரைச் சாம்பலாக்கியிருப்பார். அன்று நின்றார்.

"என் கிளாஸ் பொண்ணு ஒருத்தி" என்றார். "நியாயமாத்தான் ஜெயிச்சா. நானே எண்ணிப் பாத்தேன்."